தாள் எண் பதினான்கு

ஜூன் 2

மைத்துனிக்கு,

நலம். நலமறிய ஆவல். நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. இதிலும் சரியாகச் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை இல்லை.

அரசு நிலத்தில் புதிய நகரம் கட்ட மூன்று திட்டங்கள் வந்திருப்பதாகச் சென்ற வாரம் செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்களாம். ஆட்சேபணையை ஜூன் 28-க்குள் எழுத்தில் தர வேண்டும், 30-ஆம் தேதி விசாரணை. முதல் திட்டத்தின் குழுத் தலைவராக உன் மகனின் பெயர் இருந்தது. அதைக் கத்தரித்து உன் அக்காவின் படத்துக்குக் கீழே வைத்தேன். ஒரு நாள் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள்தான் கூடவே அச்சிட்டிருந்த வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வடகிழக்கு மூலையில் இரண்டாயிரம் சிறு வீடுகள். அந்த மூலை நாம் வேலை பார்த்த அளவைத் துறையின் பழைய தாள்களில் பதினான்காம் எண். முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் நான் அளந்த தாள்.

அளந்த தாள் என்று எழுதுவது பொய். அது முழுக்க நாணல் காடு. அளவுச் சங்கிலி பிடிக்கும் ஆட்கள் இருவரும் உள்ளே வர மாட்டோம் என்றார்கள். அவர்கள் மறுத்தது எனக்கும் வசதியாக இருந்தது, எனக்கும் பயம். சுற்றிலும் கரையில் மட்டம் எடுத்தேன். நடுவில் தரை எப்படி இருக்கும் என்று ஊகித்து உயரக் கோடுகளை வரைந்தேன். ஊகக் கோட்டைத் துண்டு துண்டாக, விட்டுவிட்டுப் போட வேண்டும் என்பது விதி. அப்படித்தான் போட்டேன் என்று நினைக்கிறேன். ஆனால் அச்சான தாளில் கோடுகள் தொடர்ச்சியாக இருக்கின்றன. அதை நம்பித்தான் உன் மகன் அங்கே வீடுகளை வைத்திருக்கிறான்.

படியெடுக்கும் அறையில் அந்தத் தாளுக்கு மை போட்டவள் நீ. நான் களத்தில் வரைந்த மூலத் தாளில் கோடு எப்படி இருந்தது? மூலத்தைப் பார்க்க வழியில்லை. முப்பது வருடம் கழிந்த களத்தாள்களை அழிக்கலாம் என்று குறிப்பு எழுதியதே நான்தான்.

என் நினைவை நான் நம்புவதில்லை. உன் நினைவை நம்புகிறேன்.

தயக்கத்துடன்,
அத்தான்


ஜூன் 7

அத்தான் அவர்களுக்கு,

"மைத்துனிக்கு" என்று அரசாணை மாதிரி ஆரம்பித்திருக்கிறீர்கள். அக்கா இருந்தவரை "வாலு" என்றுதான் எழுதுவீர்கள். வாலுக்கு அறுபத்தெட்டு வயதாகிவிட்டது என்று மரியாதை கூடிவிட்டதோ?

நான்கு வருடமாக இருக்கிறேனா செத்தேனா என்று ஒரு அட்டை இல்லை. இப்போது வந்து, கோடு தொடர்ந்திருந்ததா விட்டிருந்ததா என்கிறீர்கள். அந்த அறையில் ஆயிரத்துச் சொச்சம் தாள்களுக்கு மை போட்டிருக்கிறேன். ஒரு தாளை நினைவு வைத்திருக்க நான் என்ன கணிப்பொறியா?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. என் மகன் மூன்று வருடமாக இந்தத் திட்டத்தைத் தவிர வேறு நினைப்பில்லாமல் இருக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால்கூட "இது முடியட்டும்மா" என்கிறான். மூன்றில் இவனுடையதுதான் முதலிடத்தில் இருக்கிறது என்று கேள்வி. இந்த நேரத்தில் உங்களுக்குச் சந்தேகம் வருகிறது. உங்களுக்கு எதில்தான் சந்தேகம் வரவில்லை? பூட்டிய கதவை நான்கு முறை இழுத்துப் பார்க்கிற மனிதர் நீங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அக்கா காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் நீங்கள் மணிக்கொரு தரம் சூடு பார்த்துக் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டிருந்தீர்கள். நான் வந்து பார்த்தபோது தாள் அழகாக இருந்தது. அக்கா இல்லை. வேகமாகச் செய்ய வேண்டியதை மெதுவாகவும், சும்மா விட வேண்டியதை விடாமலும் செய்வதற்கு உங்களுக்கு எங்கே கற்றுக்கொடுத்தார்கள்?

அவன் பிழைப்பில் மண் போடாதீர்கள். அவனுக்கு இதைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் நான் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன்.

உங்கள் மனைவியின் தங்கை


ஜூன் 12

அன்புள்ள வாலு,

நீ அக்காவைப் பற்றி எழுதியதற்கு இன்று பதில் எழுத முடியவில்லை. எழுதுவேன்.

அவனுக்கு எழுதவில்லை. ஆனால் நேற்று நானே அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேருந்து மாறி, கரையோரமாக ஒரு மைல் நடந்தேன். நாணல் இரண்டு ஆள் உயரம் நிற்கிறது. அறுத்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டாள்.

"பெரியவரே, வழி தவறி வந்துட்டீங்களா?"

"இல்லம்மா. ஆழம் பார்க்க வந்தேன்."

"எதுக்கு, குதிக்கவா? அதுக்கு வேற இடம் பாருங்க. இங்க குதிச்சா உள்ள போறதுக்கே ரெண்டு நாள் ஆகும்."

நான் விஷயத்தைச் சொன்னேன். அரசாங்கம் இங்கே வீடு கட்டப்போகிறது என்றதும் அவள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "மீனுக்கா?" என்றாள்.

அவளே ஒரு பன்னிரண்டு அடி மூங்கிலைக் கொடுத்து, எங்கே கால் வைக்கலாம் என்றும் காட்டினாள். ஒன்பது இடங்களில் குத்திப் பார்த்தேன். என் பழைய கைமட்டக் கருவியால் சாலையின் உயரத்தோடு ஒப்பிட்டேன். நம் தாளின்படி அந்த நடுப்பகுதி சாலையைவிட நான்கு அடி மேடு. உண்மையில் ஏழு அடி பள்ளம். மழைக்காலத்தில் தண்ணீர் சாலை வரை ஏறி நிற்குமாம். படகில் வந்துதான் நாணல் அறுப்பார்களாம். அங்கே ஒரு வீடு கட்டினால் முதல் மழைக்கே சன்னல் தெரியாது.

வயதான கை, இரவல் மூங்கில், பழைய மட்டம். அரை அடி, ஓர் அடி பிழை இருக்கலாம். பதினோரு அடி பிழை இருக்க முடியாது. மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆட்சேபணையின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் ஓரிடம் காலியாக இருக்கிறது. கோடு விட்டுவிட்டு இருந்ததா, தொடர்ந்திருந்ததா? உன் பதில் வந்தால்தான் அந்த வாக்கியம் முடியும்.

அத்தான்


ஜூன் 16

அத்தான்,

உங்கள் வரைவை அடுப்பில் போட்டுவிட்டேன். நகல் வைத்திருப்பீர்கள் என்று தெரியும். இரண்டு வைத்திருப்பீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று மாலை அவன் நகரத்தின் மாதிரியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சாப்பாட்டு மேசை முழுக்க அதுதான். நான் அடுப்படியில் நின்று சாப்பிட்டேன். தீக்குச்சி முனை அளவு வீடுகள். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினான். அந்த மூலையை நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். அவன் விடவில்லை.

"இங்கதாம்மா முதல்ல ஆளுங்க குடியேறுவாங்க. ரயில் பாதை ஓரத்துல தகரத்துக்கு அடியில கிடக்கிறவங்க. பெரிய வீடெல்லாம் அப்புறம். முதல் சாவி இவங்களுக்குன்னு எழுதி வாங்கியிருக்கேன்."

"நல்லா பார்த்தியாடா? தரை எல்லாம் எப்படி?" என்று கேட்டேன்.

"உங்க ஆபீஸ் தாள்தாம்மா. போதாததுக்கு விமானத்துலேர்ந்து எடுத்த படமும் அதையேதான் சொல்லுது. அந்தக் காலத்து ஆளுங்க தரையை முத்தம் குடுத்து அளந்திருக்காங்க!"

நான் குழம்பைச் சுட வைக்கிற சாக்கில் எழுந்து போனேன்.

கேளுங்கள். விட்டுவிட்டுத்தான் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இப்போது சொல்லி என்ன ஆகும்? திட்டம் விழும், வேறொருவன் திட்டம் வரும், அதில் முதல் சாவி யாருக்கு என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. தேர்வு முடியட்டும். முடிந்த மறுநாள் நானே உட்கார வைத்துச் சொல்கிறேன். அவன் அந்த வீடுகளைச் சத்தமில்லாமல் வேறு பக்கம் நகர்த்திக்கொள்வான். யாருக்கும் நட்டமில்லை. உங்கள் பெயரும் கெடாது.

இதற்குச் சரி என்று ஒரு அட்டை போடுங்கள். இப்போது சொன்னால் அவன் தாங்க மாட்டான். எனக்கு அவனைத் தெரியும்.

வாலு


ஜூன் 20

அன்புள்ள வாலு,

உன் யோசனையை இரண்டு நாட்களாகப் புரட்டிப் பார்த்தேன். ஒரு தாளை நடுவில் மடித்து, ஒரு பக்கம் "காத்திருக்கலாம்", மறுபக்கம் "கூடாது" என்று எழுதினேன். காத்திருக்கலாம் பக்கம்தான் நிரம்பியது. அட்டையில் "சரி" என்று எழுதி முகவரிகூடப் போட்டுவிட்டேன்.

தபாலில் போடும் முன் திட்ட அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த எழுத்தர், சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தவர், நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

"ஒப்புதல் ஆனப்புறம் வீடுகளை வேற பக்கம் மாத்த முடியுங்களா?"

"எப்படி ஐயா முடியும்? ஒப்புதல் அன்னிக்கே குலுக்கல். பேரும் மனை எண்ணும் அரசிதழ்ல வந்துடும். அப்புறம் ஒரு சுவரை நகர்த்தணும்னாலும் சட்டசபைக்குப் போகணும்."

அட்டையைக் கிழித்துவிட்டேன்.

மேலிருந்து எடுத்த படம் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் படம் நாணலின் தலையைத் தரை என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. நான் மனதால் ஊகித்த மேடும், நாணல் நுனியும் ஏறக்குறைய ஒரே உயரமாகப் போய்விட்டன. இரண்டு பொய்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. அதனால்தான் உன் மகன் போன்ற கெட்டிக்காரனும் ஏமாந்தான்.

இனி அக்காவைப் பற்றி. மூன்றாம் நாள் மாலை ஆறு மணிக்கு நூற்று மூன்று. வண்டி கூப்பிட வேண்டும் என்று தெரிந்தது. ஏழு மணிக்கு இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். ஏழுக்கு நூற்று இரண்டரை. இறங்குகிறது என்று குறித்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீ சொன்னது அத்தனையும் சரி. நான்கு வருடமாக எழுதாததற்குக் காரணம் கோபமில்லை. உன் பதிலைப் படிக்க எனக்குத் தைரியமில்லை.

28-ஆம் தேதி ஆட்சேபணையைக் கொடுக்கப்போகிறேன். தொடர்கோடாக வரைந்தது நானே என்று எழுதிவிடுகிறேன். அப்படியும் இருந்திருக்கலாம். உன் பெயர் எங்கும் வராது.

அத்தான்


ஜூன் 24

அத்தான்,

நீங்கள் விட்டுவிட்டுத்தான் போட்டிருந்தீர்கள்.

ஆயிரத்துச் சொச்சம் தாளில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். எல்லாத் துண்டும் ஒரே நீளம். அளந்து போட்ட மாதிரி. அளந்துதான் போட்டிருப்பீர்கள்.

அப்போது நீங்கள் சதுப்புக் காய்ச்சலோடு வந்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்தீர்கள். பிரிவுத் தலைவர் உங்கள் தாளைப் பார்த்துவிட்டு, "இது அச்சுக்குப் போகாது. ஆள் எழுந்ததும் திரும்ப நாணலுக்கு அனுப்பு" என்றார். அந்த மதியம் அக்கா படியெடுக்கும் அறை வாசலுக்கே வந்துவிட்டாள். செருப்பில்லாமல். "அவரத் திரும்ப அனுப்பிடுவாங்களாடி? இந்தத் தடவ போனா வர மாட்டாருடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் துண்டுகளைச் சேர்த்துவிட்டேன். முப்பத்தோரு கோடு. ஒரு மதியம்கூட ஆகவில்லை. நீங்கள் போட்டிருந்த வளைவு ரொம்ப ஒழுங்காக இருந்தது. நிஜத் தரை அவ்வளவு அடக்கமாக இருக்காது என்று அங்கங்கே ஒரு நெளிவு கொடுத்தேன். பிரிவுத் தலைவர் பார்த்துவிட்டு, "இதுதான் வேலை" என்றார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நாணலுக்கு நீங்கள் பயந்தீர்கள். அக்கா அழுவதற்கு நான் பயந்தேன். இதில் யார் யாரைக் குற்றம் சொல்வது?

ஆனால் ஒரு கேள்வி. நான்கு மாதம் கழித்து அச்சுப் படி சரிபார்க்க உங்களிடம் வந்தது. உங்கள் கையெழுத்தோடு திரும்பியதை நான்தான் வாங்கி அடுக்கினேன். பூட்டை நான்கு முறை இழுக்கிறவர், முப்பத்தோரு கோட்டில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லையா?

அவனிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் காப்பியோடு போய் நிற்கிறேன். வாய் வரவில்லை.

வாலு


ஜூன் 27

அன்புள்ள வாலு,

பார்த்தேன்.

இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. அச்சுப் படியை மேசையில் விரித்ததுமே பார்த்தேன். சிவப்புப் பேனா கையில் இருந்தது. வேறு யாரோ போய் அளந்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் போகவில்லை என்று தெரியும்; போயிருந்தால் பயணப்படிப் பட்டியல் என் மேசை வழியாகத்தான் வந்திருக்கும். உனக்கு வந்த அதே பயம்தான் எனக்கும். திரும்ப அனுப்பிவிடுவார்கள். கையெழுத்துப் போட்டேன்.

அப்படியானால் ஜூன் இரண்டாம் தேதி உன்னை ஏன் கேட்டேன்? நினைவில்லை என்பதால் என்று எழுதினேன். நேற்றுவரை அதை நானும் நம்பினேன். நீதான் செய்தாய் என்று உன் வாயால் கேட்டால் என் பாரம் பாதியாகும் என்று உள்ளே ஒருவன் கணக்குப் போட்டிருக்கிறான். மன்னித்துவிடு.

வரைவை மாற்றிவிட்டேன். "களத்தில் ஊகக் கோடாக வரையப்பட்டது, அலுவலகத்தில் தொடர்கோடாக மாற்றப்பட்டது, மாற்றத்தைப் பார்த்தும் நான் கையெழுத்திட்டேன்." ஒன்பது இடங்களின் மட்டமும் கீழே உண்டு. நாளைக் காலை முதல் பேருந்தில் போகிறேன்.

விசாரணைக்கு நீ வர வேண்டாம்.

அத்தான்


ஜூலை 1

அன்புள்ள வாலு,

வர வேண்டாம் என்று எழுதியும் நேற்று வந்தாய். கடைசி வரிசையில் நீ இருந்தது, நீ எழுந்து நிற்கும்வரை எனக்குத் தெரியாது.

விசாரணைத் தலைவர் கேட்டது என் மந்தக் காதில் சரியாக விழவில்லை. பக்கத்திலிருந்தவர் கத்திச் சொன்னார்: "அலுவலகத்துலன்னா யாரு மாத்தினதுன்னு கேக்கறாங்க." நினைவில்லை என்றேன். அந்த அறையில் நான் சொன்ன ஒரே பொய் அது. உடனே பின்னாலிருந்து உன் குரல். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எனக்கு நினைவிருக்கு. நான்தான் மாத்தினேன்."

உன் மகன் திரும்பிப் பார்த்தான். நீ பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவன் வீட்டில் வந்து சொல்கிறவனும் அல்ல.

"திட்டக்குழு இந்த ஆட்சேபணையை மறுக்குதா?" என்று அவனைக் கேட்டார்கள். அவன் எழுந்தான். கையிலிருந்த காகிதங்களை மேசையில் தட்டிச் சமப்படுத்தினான். இரண்டு முறை.

"இல்ல. பதினாலாம் தாளை எங்க திட்டத்துலேர்ந்து எடுத்துடறோம்."

"எடுத்தா குறைஞ்சபட்ச அளவான ஆறாயிரம் ஏக்கருக்குக் கீழ வந்துடுமே. போட்டியிலேயே இருக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

அவ்வளவுதான். அடுத்த திட்டத்தைக் கூப்பிட்டார்கள்.

நான் வெளியே நடையில் இருந்த பலகையில் உட்கார்ந்தேன். அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். என் காதுக்காகச் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. நடை முழுக்கக் கேட்டிருக்கும்.

"பெரியப்பா, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் தேதி அம்மாவுக்கு எழுதினேன்."

"ரெண்டாம் தேதியா?" என்றான். விரல்விட்டு எண்ணினான். "திட்டத்த மாத்திக் குடுக்க எங்களுக்கு இருபதாம் தேதி வரைக்கும் அனுமதி இருந்துச்சு. மேற்குப் பக்கம் எழுநூறு ஏக்கர், நல்ல மேடு. அதுவும் அரசு நிலம்தான். அங்க தூக்கி வெச்சிருப்பேன் பெரியப்பா. ஒரு வார வேலை."

இருபதாம் தேதி நான் எழுத்தரிடம், ஒப்புதலுக்குப் பிறகு மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு வந்து உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒப்புதலுக்கு முன் மாற்ற முடியுமா என்று கேட்கத் தோன்றவில்லை. அவரும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னார்.

"எனக்கு ஏன் எழுதல?"

"நீ தாங்க மாட்டேன்னு..."

"யார் சொன்னாங்க?"

அவன் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தான். பேருந்து வந்ததும் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

வாலு, பள்ளத்தில் யாரும் வீடு கட்ட மாட்டார்கள். அது நடந்துவிட்டது. ஆனால் ரயில் பாதை ஓரத்துக்காரர்களுக்கு முதல் சாவி என்று எழுதி வாங்கியிருந்தவனின் திட்டம் போய்விட்டது. நீயும் நானும் ஏழு கடிதம் எழுதி, அவன் மூன்று வருட வேலையைக் காப்பாற்றுவதா உண்மையைச் சொல்வதா என்று அடித்துக்கொண்டோம். அவனைக் கேட்டிருந்தால் இரண்டுமே ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

இன்று காலை அவனுக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். தேதி போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் "அன்புள்ள வாலு" என்று எழுதியிருக்கிறேன்.

இத்துடன் நிறுத்துகிறேன். வேறு தாள் எடுக்க வேண்டும்.

அத்தான்